புற்றுநோய்ச் சிகிச்சையும் நற்கிருமி மருந்துகளும்

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்து, அவ்வூர் மகாராஜா கல்லூரியிற் பயின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை அறியாதார் நம்முள் அரியர். அவர் 1923-இல் தம் தங்கையாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே, 1954-இல் சென்னை அடையாற்றில் அந்நோய்க்கெனத் தனி ஆஸ்பத்திரி திறக்கப்படுதற்கு வித்தாயிற்று. இன்று அத்தகைய சிகிச்சை பெற்றுவருவோர் நம் ஜில்லாவிலும் உளர். அவர்தம் இல்லங்களிற் காணும் ஒரு வழக்கத்தைக் குறித்தே ஈண்டுச் சில கூறப் புகுந்தோம்.

மருந்தின் வேகத்தால் நோயாளிக்கு வயிற்றுப்போக்குக் கண்டவுடன், அன்புள்ள உறவினர் மருந்துக்கடையிற் சென்று 'புரோபயாடிக்' என்னும் பொடியோ குளிகையோ வாங்கிவந்து கொடுத்துவிடுகின்றனர். அஃது என்ன? குடலுக்கு நன்மை செய்வனவென்று கருதப்படும் கிருமிகளை உயிருடன் அடைத்த மருந்தாம். உயிருடன் என்னும் அச்சொல்லே ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது.

நற்சுகமுள்ள தேகத்தில் இக்கிருமிகள் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. கீமோதெரபி பெறுவோர் நிலையோ வேறு. ஒவ்வொரு முறை மருந்து ஏற்றிய பின்னரும், பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள், இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் மிகக் குறைகின்றன. குடலின் உட்சவ்வும் புண்படுகிறது. காவலரும் இன்றி மதிலும் இடிந்த கோட்டையில் நட்பினரும் பகைவராகலாமன்றோ? லாக்டோபேசில்லஸ் போன்ற நற்கிருமிகளே இரத்தத்திற் புகுந்து கடுஞ்சுரம் விளைத்த செய்திகள் வைத்திய நூல்களில் உள. சாக்கரோமைசெஸ் பொலார்டி என்பது ஒருவகை ஈஸ்ட். பெரிய இரத்தக்குழாயிற் குழல் பொருத்தப்பட்டோர்க்கு அது கூடாதென விலக்கப்பட்டுள்ளது. அருகிலிருந்து பொட்டலத்தைப் பிரித்தாலும் அப்பொடி கைவழியே குழலைச் சேரக்கூடும்.

எனினும், இம்மருந்துகள் எஞ்ஞான்றும் தீயனவே என்று நாம் கூறோம். அடிவயிற்றுப் புற்றுக்குக் கதிர்ச்சிகிச்சை பெறுவோர் சிலர்க்கு, லாக்டோபேசில்லஸ் வகையினால் வயிற்றுப்போக்குத் தணிந்ததென ஆராய்ச்சிகள் கூறுகின்றன. மறுபுறம், மெலனோமா என்னும் தோற்புற்றுக்கு இம்யூனோதெரபி பெற்றோரைப்பற்றி 2021-இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், நார்ச்சத்து மிக்க உணவுண்டு புரோபயாடிக் உண்ணாதோரே அதிக நலம் பெற்றனர். எலிகளிடத்தோ அம்மருந்து சிகிச்சையின் பயனையே குறைத்தது. ஆகவே எந்நோய், எச்சிகிச்சை, எக்கிருமி, எந்நாள் என்றறிந்து சொல்லவல்லவர் சிகிச்சை செய்யும் வைத்தியர் ஒருவரே.

நிற்க, நம் வீட்டுப் பழையதும் மோரும் எத்தகையன என வினவலாம். அவற்றிலும் உயிருள்ள கிருமிகள் உள. வெள்ளணு குறைந்த நாட்களில் இராமுழுதும் ஊறிய சோற்றைத் தவிர்த்தலே நன்று. தயிர் மோருக்கு வைத்தியரின் அனுமதி வேண்டும். இட்லியின் மாவு புளித்ததாயினும் ஆவியில் வெந்தபின் கிருமிகள் மடிந்துவிடுதலின், சூடாக உண்ணலாம். பாட்டிமார் அறிவு இவ்விடத்திற் பழுதுபடவில்லை!

முன்பே இம்மருந்தை உண்டு வருவோர், அதன் அட்டையையே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச்சென்று காட்டுக. 'சத்து மருந்துதானே' என்று மறைத்தல் தகாது. சுரம் 100.4 டிகிரியை எட்டின், இரவாயினும் விடியுமட்டும் காத்திராமலும், பாராசிட்டமால் விழுங்கிச் சுரத்தை மறைக்காமலும், உடனே ஆஸ்பத்திரியை அடைதல் வேண்டும். உண்ட புரோபயாடிக்கின் பெயரையும் அங்குள்ள வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுக. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஈஸ்டைக் கொல்லாது.