ஃபென்டனில்: வலிக்கும் மூச்சுக்கும் நடுவே

அபினிலிருந்து கிடைக்கும் மார்ஃபினைப் போலவே வலியை அடக்குவதும், ஆனால் முழுக்க ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்படுவதுமான ஃபென்டனில் என்னும் மருந்தை, பெல்ஜியம் நாட்டு மருத்துவர் பால் யான்சனின் குழு 1960ஆம் ஆண்டையொட்டி உருவாக்கியது. மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமுள்ள இம்மருந்து, மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராமில் அளக்கப்படுகிறது. ஊசியில் செலுத்திய ஓரிரு நிமிடங்களில் வேலைசெய்யத் தொடங்குவதால் அறுவை அரங்கில் மயக்க மருத்துவர்களுக்கு இது இன்றியமையாதது. புற்றுநோய் வலியில் தவிப்போருக்கோ, தோலில் ஒட்டினால் மூன்று நாள் சிறிது சிறிதாக மருந்தை உட்செலுத்தும் பேட்ச் வடிவில் கிடைக்கிறது. அந்த வலியை அருகிலிருந்து கண்டவர் எவரும் இம்மருந்தே வேண்டாம் என்று சொல்லமாட்டார். எனினும் பேட்சின்மேல் வெந்நீர்ப் பையை வைத்தால் மருந்து விரைந்து உடலில் ஏறும்; கழற்றிய பேட்சிலும் மருந்து எஞ்சியிருக்கும் என்பதால், அது குழந்தையின் கைக்கு எட்டிவிடக் கூடாது.

மருந்து சென்று பொருந்தும் ஏற்பிகள் எனப்படும் புரதங்கள், வலியை உணர்த்தும் நரம்புப் பாதைகளில் மட்டுமின்றி, மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் இருக்கின்றன என்பதே ஆபத்தின் வேர். இரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது மூச்சுவிடத் தூண்டும் அந்த மையம் மந்தமாகிவிடுவதால், மூச்சு மெலிந்து, இடைவெளி நீண்டு, கடைசியில் நின்றுபோகிறது. திணறல் உணர்வும் மழுங்கிவிடுவதால், பார்ப்பவர்களுக்கு, மருந்து மிகுந்துபோனவர் அயர்ந்து தூங்குவதாகவே தோன்றுகிறது. ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணியும், நீலம்பாய்ந்த உதடும், தொண்டையில் கரகரக்கும் குறட்டையும், உலுக்கினாலும் விழிக்காத நிலையும் அது தூக்கமல்ல என்பதைக் காட்டிவிடும். அறுவை அரங்கில் மூச்சு தளர்ந்தால் தாங்கிப்பிடிக்கக் கருவியும் மருத்துவரும் உண்டு. கள்ளச்சந்தையில் வாங்கிய மாத்திரையைத் தனியறையில் விழுங்கியவருக்கு அந்தத் துணை இல்லை.

அமெரிக்காவில் 2022இல் மட்டும், பெரும்பாலும் ஃபென்டனிலான, ஓபியாய்டு எனப்படும் அபின்வகைச் செயற்கை மருந்துகளால் 70,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உப்புக்கல் சில அளவேயான 2 மில்லிகிராமே பழக்கமில்லாத ஒருவரின் உயிரைப் பறிக்கக்கூடும் என்னும்போது, கள்ளத்தனமாகக் கலந்து அச்சடித்த போலி மாத்திரைகளில் ஒன்றில் இருக்கும் அளவு மற்றொன்றில் இருப்பதில்லை. பாடகர் பிரின்ஸ் 2016இல் இறந்ததும் ஃபென்டனில் மிகையளவாலேயே. நெடுநாள் பழகிய உடலுக்கு மருந்தைத் தாங்கும் திறன் கூடுகிறது. சிறையிலோ சிகிச்சையிலோ சில வாரம் விலகியிருந்தால் அத்திறன் குறைந்துவிடுவதால், பழைய அளவுக்கே திரும்புவோர் பலர் மாண்டுபோகின்றனர்.

ஏற்பிகளிலிருந்து ஃபென்டனிலை விலக்கி மூச்சை மீட்கும் நாலோக்சோன் என்னும் மாற்றுமருந்தின் மூக்குத்தெளிப்பானை, மருத்துவர் சீட்டின்றி விற்க அமெரிக்கா 2023இல் அனுமதித்தது. ஆனால் அதன் விளைவு 30 முதல் 90 நிமிடத்தில் தணிந்து மூச்சு மறுபடியும் அடங்கக்கூடும் என்பதால், கண்விழித்தவரைத் தனியே விடாமல், ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே இருக்க வேண்டும்.