குட்டை ஸ்பிரிங்கும் நெட்டை ஸ்ட்ரட்டும்

சக்கரத்துக்கு மேலே – 9

ஜெர்மனியில் காரைத் தாழ்த்த ஆசைப்படுகிறவர், ஸ்பிரிங்கை மாற்றிய பிறகு ட்யூஃப் போன்ற ஒரு பரிசோதனை நிலையத்தில் வண்டியைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அங்கே காரை லிஃப்டில் ஏற்றுவார்கள். நான்கு சக்கரங்களும் அந்தரத்தில் தொங்கும். பரிசோதகர் முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஸ்பிரிங்கைப் பிடித்து அசைப்பார். தட்டில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தால் சரி. லொடலொடவென்று ஆடினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பிரிங்காக இருந்தாலும் ஒப்புதல் கிடையாது.

அது ஆடுவதற்குக் காரணம் ஸ்பிரிங் மட்டுமல்ல. குட்டையான ஸ்பிரிங்கைக் கம்பெனி போட்ட நெட்டை ஸ்ட்ரட்டில் ஏற்றியதுதான் வினை. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்ட்ரட் முழுசாக நீள்கிறது; ஸ்பிரிங்குக்கு அந்த நீளம் இல்லை. ஒரு கணம் தட்டை விட்டு எழும்பி, சக்கரம் மேலே வரும்போது கோணலாக உட்காரலாம். அதுவும் திருப்பத்தில் நடந்தால் விபரீதம்.

ஸ்ட்ரட் என்ற இந்தத் தூண் அமைப்புக்குப் பெயர் கொடுத்தவர் ஏர்ல் மெக்பர்சன். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஜெனரல் மோட்டார்ஸில், 1,000 டாலருக்குள் விற்கக்கூடிய ‘செவ்ரலே கேடட்’ என்ற சின்னக் காரை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1947ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மெக்பர்சன் ஃபோர்டுக்குப் போய்விட்டார். 1950ல் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களின் முன்பக்கத்தில் அவருடைய ஸ்ட்ரட் இருந்தது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டும் ஒரே தூணில். மேல் ஆர்ம் தேவையில்லை. செலவு மிச்சம், இடம் மிச்சம். ஆனால் மேல் ஆர்ம் செய்த வேலை தூணின் தலையில் விழுந்தது. சாதாரண ஷாக் அப்சார்பர் மேலும் கீழும் மட்டும் இயங்கும். ஸ்ட்ரட்டோ பக்கவாட்டில் வளைக்கும் விசையையும் தாங்கியாக வேண்டும். அதனால்தான் அதன் ராடு அவ்வளவு தடிமன்.

1976ல் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயை எடுத்துக்கொள்ளலாம். 110 குதிரைசக்தி, முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட். ஃபோக்ஸ்வாகன் பொறியாளர்களே இதைச் சாதாரண கோல்ஃபைவிடக் கொஞ்சம் தாழ்த்தி, அதற்கேற்ற ஷாக் அப்சார்பரோடுதான் விற்றார்கள். அந்தக் காரை இன்றும் வைத்திருக்கும் ரசிகர்கள் இன்னும் 40 மில்லிமீட்டர் தாழ்த்தப் பார்க்கிறார்கள். பழைய ஸ்ட்ரட்டை அப்படியே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. கோளாறு அங்கே ஆரம்பிக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். புரிவதற்காக உருண்டையான எண்கள். முன்பக்கம் ஒரு மூலையில் ஸ்பிரிங் சுமக்கும் எடை 300 கிலோ, பழைய ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். கார் நொடிக்கு 1.3 முறை மேலும் கீழும் ஆடும். 26 நியூட்டன் ஸ்பிரிங் போட்டால் அது சுமார் 1.5 ஆகும். விறைப்பு 30 சதவீதம் கூடியிருக்கிறது. ஆட்டத்தை அதே அளவுக்கு அடக்க ஷாக் அப்சார்பரின் பலம் 14 சதவீதம் கூடினால் போதும். வர்க்கமூலத்தின் கைங்கரியம் இது. ‘ஸ்பிரிங் இவ்வளவு முரடு, ஷாக்கும் அவ்வளவு முரடாக இருக்கட்டும்’ என்று வாங்குகிறவர் தேவைக்கு மேல் வாங்குகிறார்.

கூடுதல் பலம் எந்தத் திசையில் வேண்டும் என்பதும் முக்கியம். அமுங்கிய விறைப்பான ஸ்பிரிங் அதிக வேகத்தோடு விரியப் பார்க்கும். அந்த விரிதலைப் பிடித்து நிறுத்துவதுதான் முதல் வேலை. டச்சு நிறுவனமான கோனியின் மஞ்சள் நிற ‘ஸ்போர்ட்’ வகையில் குமிழைத் திருகினால் விரியும் பக்கத்தின் பலம் மட்டும் மாறுவது இதற்காகத்தான். அமுங்கும் பக்கத்தை முரடாக்கினால் சின்னக் கல் ஏறினாலும் முதுகுக்குத் தெரியும்.

பலத்தைவிட நீளமே பெரிய விஷயம் என்பது இந்தத் தொடரின் கட்சி. சக்கரம் மேலே ஏற 80 மில்லிமீட்டர் இடம் இருந்த காரை 40 தாழ்த்தினால் பாதி இடம் போய்விட்டது. மிச்சம் தீர்ந்ததும் ராடைச் சுற்றியுள்ள பம்ப் ஸ்டாப் ரப்பரில் ஸ்ட்ரட் மோதும். ‘ஷாக் கல் மாதிரி இருக்கிறது’ என்று ஓட்டுகிறவர் புலம்புவார். பாவம், ஷாக்குக்கு வேலை செய்ய இடமே கிடைக்கவில்லை. ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் இதற்கென்றே இரண்டு வகை வைத்திருக்கிறது: கம்பெனி உயரத்துக்கு பி6, தாழ்த்திய காருக்கு நீளம் குறைத்த பி8. இவையும் மஞ்சள் நிறம்தான். நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஜாக்கிரதை. பில்ஸ்டைனின் பல ஸ்ட்ரட்களில் ஷாக் தலைகீழாக இருக்கும். மெல்லிய ராடுக்குப் பதில் தடித்த உடலே பக்கவாட்டு விசையைத் தாங்கும்.

தாழ்த்துவதில் இன்னொரு விநோதமும் உண்டு. மெக்பர்சன் அமைப்பில் கார் இறங்க இறங்கக் கீழ் ஆர்ம் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாயும். காரின் எடை மையம் இறங்குவதைவிட, கார் சாய்ந்தாடும் மையம் வேகமாக இறங்கிவிடும். ஆகவே தாழ்ந்த கார் திருப்பத்தில் குறைவாகச் சாயும் என்ற நம்பிக்கை தானாகப் பலிக்காது. விறைப்பான ஸ்பிரிங்கின் பலத்தில் ஒரு பகுதி இந்த நஷ்டத்தை ஈடுகட்டவே செலவாகிறது. சக்கரத்தின் சாய்வான கேம்பரும், அது பார்க்கும் திசையான டோவும் மாறும். பழைய கோல்ஃபில் ஸ்ட்ரட்டைச் சக்கரக் கணுவோடு இணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் மேலேயுள்ளதைத் திருப்பிக் கேம்பரைச் சரிசெய்யலாம். வீல் அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயர் ஒருபக்கமாகத் தேயும்.

ஸ்ட்ரட்டைக் கழற்றும் அன்றே டாப் மவுண்ட்டையும் பம்ப் ஸ்டாப்பையும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது, கூலி ஒருமுறைதான். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி கைவசம் இல்லாதவர்கள் டாப் மவுண்ட்டின் நடு நட்டைத் தொடவே வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

(அடுத்த வாரம்: கோல்ஃபின் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே உத்தரத்தில் கோத்தது ஏன்?)