மனனப் பாடசாலைகளில் தங்கிப் பயிலும் குழந்தைகள்: பெற்றோர் கவனிக்க வேண்டிய உடல்நல அறிகுறிகள்

வேதபாடசாலை, மதரசாவின் குர்ஆன் மனன வகுப்பு, திருமுறையும் திவ்வியப் பிரபந்தமும் ஓதக் கற்பிக்கும் பாடசாலை எனச் சமய நூல்களை மனப்பாடமாகக் கற்பிக்கும் உறைவிட நிறுவனங்கள் நம் மாநிலத்தில் பல உள்ளன. இளம் வயதிலேயே பெற்றோரைப் பிரிந்து குழந்தைகள் அவற்றில் தங்கிப் பயில்கின்றனர். அக்குழந்தைகளின் உடல்நலத்தை வீட்டில் இருப்போர் எவ்வாறு கண்காணிக்கலாம், எந்த அறிகுறிகள் தோன்றினால் மருத்துவரை அணுக வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

திருமழிசை, தன் பெயரை ஓர் ஆழ்வாருக்கு அளித்த ஊர். செவிவழியாகக் கேட்டு நெஞ்சில் நிறுத்தும் கல்வி இங்கு எவருக்கும் புதிதன்று. இவ்வூரிலும் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளிலும் தொழிற்பேட்டை வேலைக்காகக் குடியேறிய குடும்பங்கள் பல. பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்லும் வீட்டில், உணவும் உறைவிடமும் தந்து இறைநூலையும் கற்பிக்கும் ஓரிடம் பெரும் ஆறுதலாகத் தோன்றுவது இயல்பே. அந்த விருப்பத்தைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. மனனம் செய்வதனால் குழந்தையின் உடலுக்கோ மூளைக்கோ கேடு விளைவதில்லை. உறக்கக் குறைவும், நெருக்கடியான அறையும், பிரம்பும், வெளியார் எவரும் எட்டிப் பார்க்காத கதவும் சேரும் இடத்தில்தான் கேடு தொடங்குகிறது.

2022 நவம்பர் இறுதியில், சென்னை மாதவரத்தை அடுத்த பொன்னியம்மன்மேட்டில் இயங்கிய மதரசா ஒன்றிலிருந்து பீகாரைச் சேர்ந்த 12 சிறுவர்கள் அடிபட்ட காயங்களுடன் மீட்கப்பட்டனர். இருவர் கைது செய்யப்பட்டனர். 2023 டிசம்பரில் இலங்கையின் சாய்ந்தமருதில் 13 வயது மாணவர் ஒருவர் மதரசாவில் இறந்து கிடந்தார். அதன் நிர்வாகி கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு மே மாதம் ஸ்ரீரங்கத்தில் அதிகாலையில் கொள்ளிடத்தில் நீராடச் சென்ற வேதபாடசாலை மாணவர்கள் மூவர் நீரில் மூழ்கி இறந்தனர். மூன்றாவது நிகழ்வு கொடுமை அன்று, விபத்து. ஆயினும், பிறர் பொறுப்பில் விடப்பட்ட குழந்தையின் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் யார் பொறுப்பு என்னும் கேள்வி மூன்றிலும் எழுகிறது. அது எந்த ஒரு சமயத்திற்கும் மட்டும் உரிய கேள்வி அன்று.

இத்தகைய நிறுவனங்களில் பயிலும் குழந்தைகள் பொதுச் சுகாதார வலையிலிருந்து நழுவிவிடுகின்றனர் என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் என்னும் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் செல்கின்றன. வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையும், குடற்புழு நீக்க மாத்திரையும், 10 மற்றும் 16 வயதில் போட வேண்டிய டிடி தடுப்பூசியும் பெரும்பாலும் பள்ளி வழியாகவே குழந்தைகளை அடைகின்றன. பகலில் பள்ளிக்கும் அனுப்பப்படாமல் பாடசாலைக்குள்ளேயே இருக்கும் குழந்தைக்கு இவற்றுள் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். அங்கே பரிசோதிக்கும் கண்கள் உங்களுடையவை மட்டுமே.

உறக்கமும் மனப்பாடமும்

6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. விடியலுக்கு முன் எழுந்து ஓதுவது இப்பாடசாலைகளின் மரபு. அதில் பிழையில்லை, ஆனால் காலை 4 மணிக்கு எழும் எட்டு வயதுச் சிறுவன் இரவு 7 மணிக்கே உறங்கியிருக்க வேண்டும், அல்லது பகலில் ஈடுசெய்யும் உறக்கம் வேண்டும். இரவு 10 மணி வரை பாடம் ஒப்பித்துவிட்டு 4 மணிக்கு எழுந்தால் அவனுக்குக் கிடைப்பது 6 மணி நேரமே.

பகலில் கேட்டதை மூளை நிலையான நினைவாக மாற்றுவது பெரிதும் உறக்கத்தின்போதுதான். உறக்கம் குறைந்த குழந்தை நேற்றுச் சரியாக ஒப்பித்த பகுதியை இன்று தடுமாறி ஒப்பிக்கும். அதற்காக அடிக்கப்பட்டால், அச்சத்தில் சுரக்கும் கார்ட்டிசால் போன்ற இயக்குநீர்கள் அறிந்ததையும் நினைவுக்குக் கொண்டுவரும் ஆற்றலைக் குறைக்கும். எனவே அடுத்த நாள் தடுமாற்றம் கூடும், அடியும் கூடும். பிரம்பு மனப்பாடத்திற்கு உதவும் என்று நம்புவோருக்கு, பிள்ளையின் மீதுள்ள இரக்கத்தைக் காட்டிலும் இந்தக் கணக்கு எளிதில் புரிவதை நான் கண்டிருக்கிறேன்.

தோலில் தெரியும் செய்திகள்

இக்குழந்தைகள் மருத்துவமனைக்கு அழைத்து வரப்படுவது பெரும்பாலும் அரிப்புக்காகவே. பலர் ஒரே அறையில் அடுத்தடுத்துப் படுத்து, பாயையும் போர்வையையும் துண்டையும் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் சிரங்கு எளிதில் பரவும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுண்ணி ஒன்று தோலைத் துளைத்து முட்டையிடுவதால் இது உண்டாகிறது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்களும், இரவில் மிகும் அரிப்பும் இதன் அடையாளங்கள். 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் பாதம் வரை, விரல் இடுக்குகள் உட்பட, இரவில் பூசி 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை பூச வேண்டும். குழந்தைக்கு மட்டும் பூசி மீண்டும் அதே அறைக்கு அனுப்பினால் பயனில்லை. அறையில் உள்ள அனைவருக்கும் ஒரே நாளில் சிகிச்சை அளித்து, துணிகளையும் விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும்.

சொறிந்த இடம் சீழ் பிடித்தால் அலட்சியம் வேண்டா. அத்தொற்றின் பின்விளைவாகச் சிறுநீரக அழற்சி ஏற்படலாம். காலையில் முகம் வீங்குதல், சிறுநீர் தேயிலை நீர்போல் கறுத்து வருதல், அளவு குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்து வரவும்.

ஒரு முறை, விடுமுறைக்கு வீடு வந்திருந்த ஒன்பது வயது மகனைச் சிரங்குக்கு மருந்து கேட்டு ஒரு தாய் அழைத்து வந்தார். இடுப்பைப் பார்ப்பதற்காக ஆடையை விலக்கியபோது, தொடையின் பின்புறம் இணைகோடுகளாகத் தழும்புகள் இருந்தன. "விழுந்துவிட்டேன்" என்றான். விழும் குழந்தைக்கு முழங்காலிலும் கணுக்காலின் முன்புறத்திலும் நெற்றியிலும்தான் காயம் ஏற்படும். பிரம்படி இரு இணைகோடுகளையும் நடுவே வெளிறிய பகுதியையும் விட்டுச் செல்லும். அந்தத் தாய்க்கு அதை நான் விளக்க நேரவில்லை. பார்த்தவுடனே அவருக்கு விளங்கிவிட்டது. உண்மையைச் சிறுவன் சொன்னது மூன்றாவது முறை வந்தபோதுதான்.

முதுகு, பிட்டம், தொடையின் பின்புறம், உள்ளங்கை, உள்ளங்கால், காது மடல் ஆகிய இடங்களில் உள்ள காயங்களைக் கவனிக்கவும். மணிக்கட்டிலோ கணுக்காலிலோ வளையமாகத் தழும்பு இருந்தால் கட்டி வைக்கப்பட்டிருக்கலாம். கன்னத்தில் அறைவதால் செவிப்பறை கிழிந்து காதுவலியோ கேள்விக்குறைவோ ஏற்படலாம்; கேட்டு ஓதும் கல்வியில் இருக்கும் குழந்தைக்கு இது இரட்டை இழப்பு.

பிற அறிகுறிகள்

வெளிறிய கண் இமை, எளிதில் களைப்பு, உயரத்திற்கேற்ற எடையின்மை ஆகியவை இரத்தசோகையையும் ஊட்டக்குறைவையும் காட்டும். 5 முதல் 11 வயது வரை ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் குறையக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கட்டணமின்றிப் பரிசோதிக்கலாம். ஒவ்வொரு விடுமுறையிலும் எடையையும் உயரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

படுக்கையில் சிறுநீர் கழிப்பதை நிறுத்தியிருந்த குழந்தை மீண்டும் தொடங்குவதும், திரும்பிச் செல்லும் நாள் நெருங்கும்போது வயிற்றுவலி வருவதும், கை ஓங்கினால் தலையை மறைத்துக்கொள்வதும் நடிப்பு என்று ஒதுக்கத் தக்கவை அல்ல. இத்தகைய நிலையில் குழந்தையைக் கடிந்து திருப்பி அனுப்பாதீர்கள்.

சட்டம் சொல்வது

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் 2012இல் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி மதரசாக்கள், வேதபாடசாலைகள், முதன்மையாகச் சமயக் கல்வி அளிக்கும் நிறுவனங்கள் ஆகியவற்றிற்கு அச்சட்டம் பொருந்தாது. இதனால் அங்கே அடிப்பதற்கு அனுமதி உண்டு என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டா. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, தம் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்குவோர் அனைவருக்கும் பொருந்தும். குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தை நடத்துபவரோ அதில் பணிபுரிபவரோ அவ்வாறு செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் 5 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். மேலும், 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். "கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடித்துத் திருத்துங்கள்" என்று பெற்றோரே சொல்லிச் சேர்க்கும் வழக்கம் இன்றும் உள்ளது. அச்சொல் எவருக்கும் அடிக்கும் உரிமையை அளிக்காது. குழந்தை உங்களிடம் முறையிடும் வழியைத்தான் அடைத்துவிடும்.

ஐயம் எழுந்தால்

குழந்தையிடம் தனிமையில் அமைதியாகப் பேசுங்கள். திரும்பத் திரும்பக் குறுக்கு விசாரணை செய்யாமல், அது சொன்னதை அதன் சொற்களிலேயே தேதியுடன் எழுதி வையுங்கள். காயத்தின் மீது மஞ்சளோ எண்ணெயோ பூசுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவர் சிகிச்சை அளிப்பதுடன் காயத்தின் இடம், அளவு, வடிவம் ஆகியவற்றைப் பதிவு செய்து காவல் துறைக்குத் தகவல் அளிப்பார். பாலியல் துன்புறுத்தல் என்ற ஐயம் இருப்பின், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது மருத்துவரின் கடமை; அந்நிலையில் குழந்தையைக் குளிப்பாட்டாமல், உடை மாற்றாமல் அழைத்து வருவது நல்லது.

1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பெற்றோர் மட்டுமன்றி, அழுகுரல் கேட்ட அண்டை வீட்டாரும், ஏன், அந்தக் குழந்தையே கூட அழைக்கலாம். அச்சம், உறக்கமின்மை, பேச்சற்றுப் போதல் போன்றவற்றிற்கு 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் தமிழில் ஆலோசனை பெறலாம்.

புதிதாகச் சேர்க்க எண்ணுவோர், முன்னறிவிப்பின்றி ஒரு மாலையும், முடிந்தால் ஒரு விடியற்காலையும் சென்று பாருங்கள். குழந்தைகள் படுக்கும் அறையையும், கழிப்பறையையும், குடிநீரையும், தீப்பிடித்தால் வெளியேறும் வழியையும் பார்க்க அனுமதி கேளுங்கள். விடுதி உரிமத்தைக் கேளுங்கள். வாரந்தோறும் ஆசிரியர் அருகில் இல்லாமல் குழந்தையுடன் தொலைபேசியில் பேச இயலுமா என்று கேளுங்கள். நன்கு நடத்தப்படும் பாடசாலைகளின் ஆசான்கள் இக்கேள்விகளால் சினம் கொள்வதில்லை. அவர்களில் சிலர் தம் மாணவர்களை ஆண்டுதோறும் தாமே வரிசையாக அழைத்துக்கொண்டு எங்கள் நிலையத்திற்கு வருகின்றனர்.