விளையாட்டுப் பெட்டியில் ஒரு பூட்டு! சாவி யாருக்குச் சொந்தம்?

காசு கொடுத்து ஒரு பெட்டி வாங்குகிறோம். வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். பெட்டி நம்முடையது. ஆனால், அதற்குள்ளே ஒரு பூட்டு இருக்கிறது. அதன் சாவியோ, பெட்டியை விற்ற கம்பெனியிடம்!

அந்தப் பூட்டைத் தாண்டினால் குற்றமா?

இந்தக் கேள்வி ஆஸ்திரேலியாவில் மூன்று கோர்ட்டுகள் ஏறியது. ஒரு பக்கம், உலகப் புகழ் பெற்ற சோனி கம்பெனி. மறுபக்கம், சிட்னி நகரைச் சேர்ந்த எடி ஸ்டீவன்ஸ் என்ற தனி மனிதர்.

பெட்டி கேட்கும் அடையாளம்

1994ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், சோனி கம்பெனி ஜப்பானில் ஒரு விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பெயர் "பிளேஸ்டேஷன்". டெலிவிஷனுடன் இணைத்து விளையாட வேண்டும். விளையாட்டுகள் சி.டி. தட்டில் வரும். தட்டின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். உலகம் முழுவதும் 10 கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் விற்பனை ஆயின.

தட்டைப் போட்டவுடனே ஆட்டம் தொடங்கி விடாது. வாசலில் நிற்கும் காவல்காரன் "யார் நீ?" என்று கேட்பதுபோல, பெட்டி முதலில் தட்டிடம் அடையாளம் கேட்கும்.

அந்த அடையாளம் நான்கே எழுத்துகள். சி.டி. தட்டில் கோடு போன்ற தடம் ஒன்று உண்டு. சோனி தட்டின் தொடக்கத்தில், அந்தத் தடம் கண்ணுக்குத் தெரியாத அளவில் நெளிந்து போகும். அந்த நெளிவுதான் நான்கு எழுத்துகள்! ஜப்பானுக்கு ஓர் அடையாளம். அமெரிக்காவுக்கு வேறு. ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இன்னொன்று.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்தத் தட்டை நகல் எடுக்கலாம். ஆட்டம் முழுவதும் நகலில் வந்து விடும். நெளிவு மட்டும் வராது. ஆகவே, நகல் தட்டைப் பெட்டி ஏற்காது.

நல்லவருக்கும் பூட்டு

திருட்டு நகல் விற்பவர்களைத் தடுப்பது நியாயம்தானே என்று தோன்றும். நியாயம்தான். ஒரு விளையாட்டை உருவாக்கப் பலர் உழைக்கிறார்கள். பணமும் செலவாகிறது.

ஆனால், இந்தப் பூட்டு திருடனை மட்டும் தடுக்கவில்லை. அமெரிக்காவில் இருக்கும் மாமா, கடையில் முழு விலை கொடுத்து ஒரு விளையாட்டு வாங்கி, சிட்னியில் இருக்கும் மருமகனுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? அது அசல் தட்டுதான். ஆனாலும் ஆஸ்திரேலியப் பெட்டி அதை ஏற்காது! குழந்தைகள் கீறி விடுவார்களே என்று தகப்பனார் ஒரு பிரதி எடுத்து வைத்தால், அதுவும் ஓடாது.

சின்னஞ்சிறு சில்லு

இங்கேதான் வந்தது ஒரு குட்டிச் சில்லு. பெட்டியைத் திறந்து, மெல்லிய கம்பிகளால் இதை உள்ளே பற்ற வைத்து விடுவார்கள். பெட்டி அடையாளம் கேட்கும்போது, தட்டுக்குப் பதிலாகச் சில்லு பதில் சொல்லும். "நான் அசல்தான்!" என்று நான்கு எழுத்துகளையும் ஒப்பிக்கும். பெட்டி நம்பி விடும். வெளிநாட்டுத் தட்டும் ஓடும். திருட்டுத் தட்டும் ஓடும்.

இந்தச் சில்லுகளை விற்று, பொருத்தியும் கொடுத்தவர் ஸ்டீவன்ஸ். சோனி அவர் மீது வழக்குத் தொடர்ந்தது.

மூன்று கோர்ட்டுகள்

ஆஸ்திரேலியாவில் 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு புதிய சட்டம் அமலுக்கு வந்திருந்தது. பதிப்புரிமை மீறலைத் தடுக்கும் பூட்டுகளைத் தாண்டக் கருவி விற்கக் கூடாது என்று அது கூறியது. சோனி அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தது.

2002இல் முதல் தீர்ப்பு. நுகர்வோர் நலனைக் காக்கும் அரசாங்க அமைப்பும் கோர்ட்டில் தன் கருத்தைச் சொன்னது. சில்லு விஷயத்தில் ஸ்டீவன்ஸ் பக்கம் தீர்ப்பு வந்தது.

சோனி அப்பீல் செய்தது. 2003இல் மூன்று நீதிபதிகள் அந்தத் தீர்ப்பை மாற்றினார்கள். சோனிக்கு வெற்றி!

ஸ்டீவன்ஸ் விடவில்லை. நாட்டின் மிக உயர்ந்த கோர்ட்டுக்குப் போனார்.

"நகல் ஓடாது என்று தெரிந்தால் யார் நகல் எடுப்பார்கள்? ஆகவே, எங்கள் பூட்டு நகல் எடுப்பதைத் தடுக்கிறது" என்பது சோனியின் வாதம்.

2005ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகளும் ஒரே முடிவைச் சொன்னார்கள். ஸ்டீவன்ஸுக்கு வெற்றி!

காரணம் என்ன? நகல் எடுப்பது கம்ப்யூட்டரில் நடக்கிறது. அதைச் சோனியின் பூட்டு தடுக்கவே இல்லை. எடுத்து முடித்த பிறகு, ஓட்டுவதைத்தான் தடுக்கிறது. சட்டமோ மீறலைத் தடுக்கும் பூட்டைப் பற்றித்தான் பேசுகிறது. ஓட்டுவதைத் தடுக்கும் பூட்டு அதில் அடங்காது என்றது கோர்ட்டு.

பிறகு என்ன ஆனது?

இங்கிலாந்தில் நிலைமை வேறு. சோனியின் இரண்டாவது பெட்டிக்கான சில்லு வழக்கில், 2004ஆம் ஆண்டிலேயே கோர்ட்டு சோனி பக்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்த நாட்டுச் சட்டம் வேறு.

ஆஸ்திரேலியாவிலும் கதை தீர்ப்போடு முடியவில்லை. அமெரிக்காவுடன் செய்த வர்த்தக ஒப்பந்தத்தின்படி, சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. 2006இல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது. 2007 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. ஓட்டுவதைத் தடுக்கும் பூட்டுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது.

ஆனால், ஒரு விஷயத்தைப் பார்லிமெண்டு மறக்கவில்லை. வெளிநாட்டில் வாங்கிய அசல் விளையாட்டை உள்நாட்டில் ஓட விடாமல் செய்யும் பூட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை! திருடனுக்குக் கதவு அடைபட்டது. மாமா அனுப்பும் அசல் தட்டுக்கு வழி இருக்கிறது.

கடையில் பொருள் வாங்கும்போது, விலை என்ன என்று கேட்கிறோம். உள்ளே பூட்டு இருக்கிறதா, அது எதை எதைத் தடுக்கும் என்றும் இனி ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.