விண்கல்லை இனங்காணல்

பாரமான கறுப்புக் கல் ஒன்று கிடைத்து, அதில் காந்தமும் ஒட்டிவிட்டால் எங்கள் தெல்தெனியப் பக்கம் அதற்கு ஒரே பேர்தான்: “வானத்தால விழுந்த கல்லு.” விக்டோரியா நீர்த்தேக்கம் வற்றுகிற காலங்களில், மூழ்கிப்போன பழைய பட்டினத்தின் இடிபாடுகள் வெளியே தெரியும். அதைப் பார்க்கப் போகிற பிள்ளைகள் சேற்றில் கிடக்கிற கற்களைப் பொறுக்கி வருவார்கள். நான் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால் அவற்றில் பாதி என் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்.

பெரும்பாலானவற்றுக்குப் பதில் சொல்ல அதிக நேரம் எடுப்பதில்லை. கண்டிச் சீமை நிற்பது மிகப் பழைய உருமாறிய பாறைகளின் மேல். திகனப் பக்கம் சலவைக்கல், மற்ற இடங்களில் கார்னட் மணிகள் பதிந்த நைஸ் பாறை. இப்பாறைகளில் மக்னடைட் என்ற இரும்புத் தாது கலந்திருப்பது சாதாரண விடயம். ஆற்று நீர் உருட்டி மினுக்கிய இந்தக் கற்களில் காந்தம் ஒட்டினால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இன்னொரு சாமானும் ஆட்களை ஏமாற்றும். அது இரும்புக் கிட்டம். பழைய காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளில் கழிந்த கறுப்புக் கட்டி. இலங்கையில் இரும்பு உருக்கிய வரலாறு நீண்டது. சமனலவெவ மலைச்சரிவுகளில் பருவக்காற்றையே துருத்தியாக வைத்து உருக்கியிருக்கிறார்கள். ஆகவே கிட்டம் எங்கும் கிடைக்கும்.

இது வெறும் பொழுதுபோக்கு விடயமாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். சில வருடங்களுக்கு முன் முச்சக்கர வண்டி ஓட்டுகிற ஒரு தம்பி இராத்திரி வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பொட்டலம். “சேர், இது விண்கல்லாம். வெளிநாட்டுக்காரன் கோடிக்கணக்கில எடுப்பானாம். நாங்க நாலு பேர் சேர்ந்து வாங்கப் போறம். முற்பணம் குடுத்தாச்சு. மிச்சத்துக்கு பொஞ்சாதிட நகைய அடகு வெக்கணும்.” விற்றவன் காட்டிய ஒரே ஆதாரம் காந்தம். பொட்டலத்தை அவிழ்த்தேன். பாண் துண்டில் இருப்பதுபோல் கல் முழுக்கக் காற்றுக் குமிழிகள். விண்கல்லில் அப்படிக் குமிழிகள் இருப்பது மிக மிக அரிது. அது கிட்டம். கொடுத்த முற்பணம் திரும்பி வரவில்லை. நகை மட்டும் மிஞ்சியது.

அந்தத் தம்பியிடம் இருந்த தாளில் ஆங்கிலத்தில் கல்லின் ‘வகை’ கூட எழுதியிருந்தார்கள்! கல் விண்கல்தானா என்பது முதற் கேள்வி. என்ன வகை விண்கல் என்பது இரண்டாவது. முதலாவதற்கு விடை தெரியாமல் இரண்டாவதற்குத் தாவுவதில்தான் எல்லாக் குழப்பமும் பிறக்கிறது. மோசடிக்காரர்கள் மட்டும் அல்ல, பெரிய பேர் எடுத்தவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு.

2012 டிசம்பர் 29இல் பொலன்னறுவை, அரலகங்வில பகுதியில் தீப்பந்து தெரிந்ததாகவும் கற்கள் விழுந்ததாகவும் செய்தி வந்தது. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊடாகக் கற்கள் பிரித்தானியாவின் கார்டிஃப் நகருக்குப் போயின. அங்கே பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்கவும் கூட்டாளிகளும் அவற்றைப் பார்த்துவிட்டு, 2013 ஜனவரியில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இது காபன் நிறைந்த புதிய விண்கல், உள்ளே டயட்டம் என்ற நுண்பாசியின் புதைபடிவங்கள் இருக்கின்றன, ஆகவே உயிர் விண்வெளியிலிருந்து வந்தது என்பதற்கு இது சான்று என்றார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நம்மவர்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த டயட்டங்கள் பூமியின் நன்னீரில் வாழ்கிற வகைகள் என்று அத்துறை வல்லுநர் சுட்டிக்காட்டினார். கல்லின் அடர்த்தி தண்ணீரை விடக் குறைவு என்று கட்டுரையே சொன்னது. அதுவரை அறியப்பட்ட எந்தக் காபன் விண்கல்லும் அவ்வளவு இலேசானது அல்ல. இப்படி ஒரு பொருத்தமின்மை கண்டால் ‘இது விண்கல்தானா’ என்று திரும்பிப் போய்க் கேட்டிருக்க வேண்டும். அவர்களோ அதைப் புதிய வகையின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். விண்கற்களுக்கு அதிகாரபூர்வமாகப் பெயர் கொடுக்கிற சர்வதேச விண்கல் சங்கத்தின் பட்டியலில் அந்தக் கல் ஏறவே இல்லை. அந்தப் பட்டியலில் இலங்கைக்கு ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அது 1795இல் முல்லைத்தீவில் விழுந்த கல்லுக்கு.

முதற் கேள்விக்கு வீட்டிலேயே ஓரளவு விடை தேடலாம். மெருகு பூசாத ஓட்டின் பின்பக்கத்தில் கல்லை உரசுங்கள். செங்கபிலக் கோடு விழுந்தால் ஹேமடைட், கறுப்புக் கோடு விழுந்தால் பெரும்பாலும் மக்னடைட். விண்கல் அநேகமாகக் கோடே போடாது. பிறகு பாரம். கல்லை நிறுத்து, நூலில் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தி, எவ்வளவு நீர் உயர்கிறது என்று அளந்தால் அடர்த்தி வந்துவிடும். எங்கள் பக்கத்துச் சாதாரணப் பாறை கன சென்றிமீற்றருக்கு 2.7 கிராம் அளவில் நிற்கும். சாதாரணக் கல் விண்கல் ஏறக்குறைய 3.5. இரும்பு விண்கல் 8ஐ நெருங்கும். மேற்பரப்பில் மெல்லிய கறுப்புத் தோல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வளிமண்டலத்தில் உருகி உறைந்த அந்தத் தோல் ஒரு மில்லிமீற்றர் கூட இராது. கடைசியாக ஒரு மூலையை அரத்தால் கொஞ்சம் தேய்த்தால், விண்கல்லில் வெள்ளி நிறத்தில் உலோகப் பொட்டுகள் மின்னும். அது நிக்கல் கலந்த இரும்பு. நிக்கல்தான் பெரிய சாட்சி, ஏனென்றால் பூமியின் பாறைகளில் இப்படி உலோகமாக இரும்பு கிடைப்பதே அரிது.

இத்தனையும் தேறிய கல்லுக்குத்தான் இரண்டாவது கேள்வி. அதற்கு வீட்டில் வழியில்லை. கண்ணுக்குத் தெரிகிற நிறமோ வடிவமோ வகையைச் சொல்லாது. கல்லை அறுக்க வேண்டும். 0.03 மில்லிமீற்றர் தடிப்பில் ஒளி ஊடுருவும் சீவல் எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தால், விழுகிற கற்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவற்றில் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். இவற்றுக்குக் கொண்ட்ரூல் என்று பெயர். சூரியக் குடும்பம் உருவான காலத்தில், சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன், உருகி உறைந்த துளிகள். பூமியின் எந்தப் பாறையிலும் இவை இல்லை.

இந்தக் கற்களையும் எச், எல், எல்எல் என்று பிரிப்பார்கள். முதலாவதில் இரும்பு அதிகம், கடைசியில் குறைவு. ஒலிவைன் என்ற கனியத்துக்குள் எத்தனை வீதம் இரும்பு போயிருக்கிறது என்பதை இலத்திரன் கற்றையால் அளந்து இதைத் தீர்மானிக்கிறார்கள். எச் வகையில் 16 முதல் 20 வரை, எல்எல் வகையில் 27க்கு மேல். முல்லைத்தீவுக் கல் நடுவிலுள்ள எல் வகை. அடுத்து ஓர் இலக்கம் சேர்ப்பார்கள். 3 என்றால் உருண்டைகள் கெடாமல் இருக்கின்றன, 6 என்றால் வெப்பத்தில் கரைந்து மங்கிவிட்டன. 1857 பெப்ரவரி 28இல் மதுரைச் சீமையில் விழுந்து, ஆங்கிலேயர் ‘பர்னல்லி’ என்று பேர் எழுதிய 77 கிலோவுக்கு மேற்பட்ட கல் எல்எல் 3.6. பழமை கெடாத கல் என்பதால் ஆய்வாளர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

உருண்டையே இல்லாத கற்களும் உண்டு. 1865இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த கல் அப்படிப்பட்டது. பார்த்தால் எரிமலைப் பாறை மாதிரியே இருக்கும். அதன் இனத்தைச் சேர்ந்த அந்தார்ட்டிக்காக் கல் ஒன்றில் அடைபட்டிருந்த வாயுவும், செவ்வாயில் வைக்கிங் விண்கலம் அளந்த வாயுவும் ஒன்று என்று 1983இல் தெரிந்தபோதுதான் அந்த இனத்தின் ஊர் எது என்பது உறுதியானது. நூறு வருடத்துக்கு மேல் கல் அலுமாரியில் காத்திருந்திருக்கிறது.

இரும்பு விண்கல்லின் சங்கதி வேறு. அதை அறுத்து, மினுக்கி, மெல்லிய நைத்திரிக் அமிலம் பூசினால் பாய் பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் எழும். பல இலட்சம் வருடங்கள் மெல்ல மெல்ல ஆறிய உலோகத்தில் மட்டும் வருகிற கோலம் அது. எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் 1621இல் ஜலந்தர்ப் பக்கம் விழுந்த இரும்பைப் பற்றி எழுதியிருக்கிறார். சுத்தியல் பட்டதும் அது உடைந்ததாம். அதனால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு சாதாரண இரும்பு சேர்த்து வாளும் கத்தியும் அடித்தார்கள். அந்தக் கத்தி இன்று வாஷிங்டன் ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கிறது. தோண்டி எடுக்கும்போது உலையில் இருந்து வந்ததுபோல் கொதித்தது என்றும் குறிப்பில் வருகிறது. அதை மட்டும் நம்ப எனக்குத் தயக்கம். விண்கல் விழும்போது உள்ளே குளிராகத்தான் இருக்கும்.

1932இல் அப்துல்லாஹ் ஃபில்பி அரேபியாவின் வெற்றுப் பாலையில் ஆத் கூட்டத்தாரின் அழிந்த நகரைத் தேடிப் போனார். வபார் என்ற இடத்தில் கண்டதோ பள்ளங்களும் கறுப்புக் கண்ணாடி உருண்டைகளும் ஓர் இரும்புத் துண்டும். கூட வந்த பதுவிகள் அந்த உருண்டைகளை எரிந்துபோன முத்துக்கள் என்றார்கள். ஃபில்பிக்கு எரிமலை வாய் மாதிரித் தெரிந்தது. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஸ்பென்சர் பரிசோதித்த பிறகுதான், விண்கல் மோதி உருகிய பாலை மணலே அந்த ‘முத்து’ என்று தெளிவானது.

ஆகவே வீட்டுப் பரிசோதனையில் தேறிய கல் கையில் இருந்தால், அதைக் கழுவ வேண்டாம், உடைக்க வேண்டாம். காந்தத்தை ஒரு தடவை கூட வைக்க வேண்டாம், கல்லில் பதிந்திருக்கும் பழைய காந்தத் தடம் அழிந்துவிடும். கிடைத்த இடத்தையும் திகதியையும் எழுதி, ஈயத்தாளில் சுற்றி, பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறையிலோ புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்திலோ காட்டலாம். அது விண்கல்தான் என்று முடிவானால், பெயர் பதிவாவதற்கு 20 கிராம், சிறிய கல்லானால் ஐந்தில் ஒரு பங்கு, அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனத்தில் நிரந்தரமாக வைக்கப்பட வேண்டும். காசு கேட்டு வருகிற எவரிடமும் அந்த 20 கிராம் எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.