எல்.இ.டி. விளக்கின் நிறத்தை ஐந்து விநாடியில் சமைக்க முடியுமா?

முடியும். 2015இல் சூரிச் இ.டி.எச். பல்கலைக்கழகத்தில் மக்சிம் கோவலென்கோ குழு செய்துகாட்டியது.

எண்ணெய் போன்ற திரவத்தில் ஈய புரோமைடைக் கரைத்து, 140 முதல் 200 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். அதில் சீசியக் கரைசலைச் சட்டெனப் பீய்ச்சியதும் பெரோவ்ஸ்கைட் என்னும் வகைப் படிகங்கள் முளைக்கின்றன. ஐந்தே விநாடி, குடுவை பனிக்கட்டித் தண்ணீருக்குள்!

ஏன் இந்த அவசரம்? கல்கண்டை நினைத்துப் பாருங்கள். பாகு மெல்ல ஆறினால் பெரிய கட்டி, சட்டென ஆறினால் பொடி. நமக்கு வேண்டியது நானோமீட்டர் அளவுப் பொடி.

புற ஊதா ஒளி பட்டால் அது பச்சையாகச் சுடர்கிறது. புரோமினுக்குப் பதில் அயோடின் என்றால் சிவப்பு, குளோரின் என்றால் நீல ஊதா! மெல்லிய படலமாகப் பூசி மின்சாரம் பாய்ச்சினால் எல்.இ.டி.

ஆனால் இந்தப் படிகம் ஈரம் பட்டால் சிதையும், அதிலுள்ள ஈயமோ நச்சு. இவ்விரண்டும் தீராமல் வீட்டு விளக்குக்கு இது வரக்கூடாது.