கோபம் வருகிற வழி

ஆங்கிலம் சொல்லித்தர உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பொருட்பெயர்களில்தான் ஆரம்பிக்கிறார்கள்: இது புத்தகம், அது நாற்காலி. பசி, பயம், கோபம், தூக்கம் என்று உணர்ச்சிகளில் ஆரம்பிக்கலாம் என்பேன். மைசூரில் வீட்டுக்குள் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளரும் பிள்ளைக்கு ஆங்கிலத்தின் சொல்வரிசை எங்கே இடறுகிறது என்பது உணர்ச்சிகளைச் சொல்லும்போதுதான் பளிச்சென்று தெரியும்.

எனக்குக் கோபம் வருகிறது என்கிறோம். கன்னடத்தில் ‘நனகெ கோப பர்த்திதெ’. இரண்டிலும் கோபம்தான் எழுவாய். அது வருகிறது, நாம் நான்காம் வேற்றுமையில் நின்று அதை வாங்கிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஆங்ரி’. ஆள் முதலில், வினை நடுவில், உணர்ச்சி கடைசியில். ‘டு மீ ஆங்ரி கமிங்’ என்கிற பிள்ளை தன் தாய்மொழி இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. ‘ஐ ஆங்ரி’ என்று நிறுத்துகிற பிள்ளையும் அப்படித்தான். ‘நான் டாக்டர்’ என்றாலே தமிழில் வாக்கியம் நிறைந்துவிடுகிறது. நடுவில் ‘ஆம்’ எதற்கு? இதை விளக்காமல் தலையில் குட்டுவது அநியாயம்.

இந்தச் சொல்வரிசை வித்தியாசத்தை ஆழ்ந்து யோசித்தவர்களில் ஒருவர் மைசூர்க்காரர். 1929இல் அங்கே தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்த ஏ.கே. ராமானுஜன். அம்மாவிடம் தமிழ், கணிதப் பேராசிரியரான அப்பாவிடம் ஆங்கிலம், வெளியே கன்னடம் என்று வளர்ந்தவர். சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது, தமிழ்த் தொடரின் வரிசை ஆங்கிலத்தில் ஏறக்குறைய கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பிவிடுவதைச் சொல்லுக்குச் சொல் எண்ணிட்டுக் காட்டினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய ஒரு பாட்டு. நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட அவர் நாட்டுக் கலங்கல் நீர் எனக்கு இனிது என்கிறாள் தலைவி. தமிழில் இலை மூடிய பள்ளமும், மான் குடித்து மிஞ்சியதும் முன்னே வர, நீர் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் நீர் முந்திக்கொள்ள, மற்றவை அதன் பின்னால் வால்போல் நீளும். 

வகுப்பறைக்கும் இதே வழி பொருந்தும். ‘நேற்று நீ வராததால் எனக்குக் கோபம்’ என்பதைப் பிள்ளை முதலில் தமிழிலேயே சொல்லட்டும். பிறகு கடைசியில் இருப்பதை முன்னே இழுக்கட்டும்: ‘ஐ வாஸ் ஆங்ரி’. அடுத்து ‘பிகாஸ்’, அடுத்து ‘யூ டிட் நாட் கம்’, கடைசியில் ‘யெஸ்டர்டே’. தமிழில் முதலில் நின்ற ‘நேற்று’ அங்கே வாலுக்குப் போய்விட்டதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். கலைந்த சொற்களை வரிசைப்படுத்தச் சொல்லும் தேர்வுக் கேள்விகள் மதிப்பெண் தரலாம். அவற்றில் யாருடைய கோபமும் இல்லை. தனக்கு உண்மையிலேயே வந்த கோபத்தைச் சொல்லும்போது வாக்கியத்தை முடித்தே தீர வேண்டும் என்ற வேகம் பிள்ளைக்குத் தானாக வருகிறது.

அதற்கப்புறம் கேள்விக்குப் போகலாம். ‘கோபமா?’ என்று நாம் ஓர் ஆகாரத்தைச் சேர்த்தால் போதும். ஆங்கிலத்தில் வினை ஆளைத் தாண்டி முன்னே வர வேண்டும்: ‘ஆர் யூ ஆங்ரி?’ இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்கார வைத்து, ஒருவர் கேட்க மற்றவர் சொல்லட்டும். பொய்ப் பதில் வேண்டாம். பசிக்கிறது என்றால் பசிக்கிறது என்றே சொல்லட்டும்.